கம்ப்யூட்டர் டிரைவ் தானே சரியாகாவிட்டால் கடைக்காரர் செய்ய வேண்டியது என்ன?



நம் பகுதியில் ஜி.எஸ்.டி. என்றால் வெகுகாலம் வரை தாம்பரத்தையும் பெருங்களத்தூரையும் தொட்டுச் செல்லும் சாலை ஒன்றுதான். 2017 ஜூலை 1 முதல் அதே எழுத்துகள் வரியையும் குறிக்கத் தொடங்கின. அதன் பிறகு இரும்புலியூரைச் சுற்றியுள்ள மொத்த வியாபாரிகளிலும் மளிகைக் கடைக்காரர்களிலும் பலர் பில் போடுவது, கொள்முதல் பதிவது, பாக்கி எழுதுவது ஆகியவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டார்கள். பேரேடு இருந்த இடத்தில் இன்று ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கிறது.

ஒருநாள் காலையில் கடை திறந்து சுவிட்சைப் போட்டால், திரையில் "ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங் டிரைவ்" என்ற வரி வருகிறது. பக்கத்தில் ஒரு சதவீத எண். அந்த எண் நகர மறுக்கிறது. அல்லது நீலத்திரையில், தானியங்கிப் பழுது நீக்கத்தால் உங்கள் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய இயலவில்லை என்ற செய்தி வருகிறது. வாசலில் வாடிக்கையாளர் நிற்கிறார். இந்த நேரத்தில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சரியாகும்வரை சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். இல்லையென்றால் கிடைத்த மெக்கானிக்கை அழைத்து, "எப்படியாவது ஓடவிட்டால் போதும்" என்கிறார்கள். அவர் ஃபார்மட் செய்து கொடுத்துவிடுகிறார். கம்ப்யூட்டர் ஓடுகிறது, கணக்கு இல்லை.

இந்தக் கட்டுரை சொல்லவரும் செய்தி ஒன்றே: முதலில் பிரதி, பிறகுதான் பழுது பார்ப்பது. ஏன் அப்படி என்பதை விளக்கிவிட்டால், செய்ய வேண்டியவற்றின் வரிசை தானாகவே விளங்கும்.

குடோனும் இருப்புப் புத்தகமும்

ஹார்டு டிஸ்க்கை ஒரு குடோனாக நினைத்துக்கொள்வோம். எந்த மூட்டை எந்த வரிசையில் இருக்கிறது என்பதை எழுதிவைக்கும் இருப்புப் புத்தகம் ஒன்று வாசலருகே இருக்கும். டிஸ்க்கிலும் அப்படியே. நம் பில்களும் கணக்குகளும் சிறுசிறு துண்டுகளாக ஆங்காங்கே அடுக்கப்பட்டுள்ளன. எந்தத் துண்டு எங்கே என்பதைத் தனிப் பட்டியல் ஒன்று சொல்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இந்தப் பட்டியல் என்.டி.எஃப்.எஸ். என்ற முறையில் அமைந்திருக்கும். 1993-ல் வந்த விண்டோஸ் என்.டி. முதல் வழக்கத்தில் உள்ள முறை இது.

பட்டியலில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால், மூட்டை குடோனுக்குள் போயிருக்கும், புத்தகத்தில் வரவு ஏறியிருக்காது. அல்லது வரவு ஏறியிருக்கும், மூட்டை வந்திருக்காது. இந்தக் குழப்பத்தைச் சரிபார்க்கும் கணக்குப்பிள்ளைதான் "செக் டிஸ்க்" என்ற நிரல். டாஸ் காலத்திலிருந்து இருப்பவர். 2007-ல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், சின்னச் சின்னப் பிழைகளை நாம் கேட்காமலே சரிசெய்துகொள்ளும் வசதியும் சேர்ந்தது.

கணக்குப்பிள்ளையின் வேலை புத்தகத்தைச் சரிசெய்வது. குடோன் கூரை ஒழுகினால் அவரால் ஓடு மாற்ற முடியாது. அதேபோல டிஸ்க்கின் தகடோ, அதைப் படிக்கும் முனையோ தேய்ந்து பழுதாகியிருந்தால் எந்த நிரலாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இன்னொன்றும் உண்டு. கணக்குப்பிள்ளை புத்தகத்துக்குத்தான் விசுவாசமானவர், சரக்குக்கு அல்ல. ஒத்துவராத பதிவை அடித்துவிடுவார். உரிமையாளர் தெரியாத மூட்டைகளை ஒரு மூலையில் போடுவார். செக் டிஸ்க் ஓடியபின் "ஃபவுண்ட்" என்ற பெயரோடு 000 எண்ணிட்ட ஒரு ஃபோல்டர் தோன்றுவது இதனால்தான். நம் கணக்கின் துண்டுகள் பெயரிழந்து அதற்குள் கிடக்கலாம். கூரை ஒழுகும் குடோனில் இரவெல்லாம் மூட்டைகளை இடம் மாற்றச் சொன்னால், நனையாமல் இருந்ததும் நனையும். பழுதான டிஸ்க்கில் பழுது நீக்கும் நிரலைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது அப்படிப்பட்ட வேலை.

பழுது நீக்கம் ஏன் முடியாமல் நிற்கிறது?

1. டிரைவ் உபயோகத்தில் இருப்பது. பில் போடும் மென்பொருள் திறந்திருக்கும்போது அந்த டிரைவைப் பூட்ட முடியவில்லை என்று செய்தி வரும். இது பழுதே அல்ல. அடுத்த முறை கம்ப்யூட்டர் தொடங்கும்போது சோதிக்கட்டுமா என்று கேட்கும், அவ்வளவுதான்.

2. கேபிள் அல்லது மின் இணைப்புத் தளர்ந்திருப்பது. அரிசித் தூசியும் மிளகாய்த் தூளும் பறக்கும் கடையில் இது சாதாரணம். டிஸ்க் நன்றாக இருக்கும், இணைப்புதான் கெட்டிருக்கும்.

3. டிஸ்க்கில் படிக்க முடியாத பகுதிகள் உண்டாகியிருப்பது. அந்த இடம் வந்ததும் டிஸ்க் மீண்டும் மீண்டும் படிக்க முயலும். சதவீத எண் ஒரே இடத்தில் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

4. எஸ்.எஸ்.டி. வகை டிரைவ் தன் ஆயுள் முடிவில் எழுதவிடாமல் பூட்டிக்கொள்வது. சில எஸ்.எஸ்.டி.கள் இப்படிப் படிக்க மட்டும் அனுமதிக்கும். சில எந்த அறிவிப்பும் இன்றி ஒரே நாளில் நின்றுவிடும். சுழலும் டிஸ்க்கைப் போலச் சத்தம் போட்டு எச்சரிக்காது.

5. ராம் என்னும் நினைவகம் பழுதாக இருப்பது. சரியான தகவலையே தவறாக எழுதிவிடும். டிஸ்க்கை எத்தனை முறை சரிசெய்தாலும் மறுநாள் மீண்டும் பிழை வரும்.

6. பட்டியலே முழுதும் சிதைந்துபோவது. அப்போது டிரைவ் "ரா" நிலையில் உள்ளது, செக் டிஸ்க் செய்ய இயலாது என்று திரையில் வரும். புத்தகமே தொலைந்த குடோன் இது. ஆனால் மூட்டைகள் உள்ளேயே இருக்க வாய்ப்புண்டு.

செய்ய வேண்டியவை, வரிசையாக

முதலாவது, காதைக் கொடுத்துக் கேளுங்கள். டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று ஒரே சீராகத் தட்டும் சத்தமோ, உரசும் சத்தமோ வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தகட்டுக்கு மேல், தலைமுடி கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லாத இடைவெளியில் படிக்கும் முனை மிதக்கிறது. அது தகட்டில் உரசினால் கணக்கு எழுதிய மேற்பரப்பே சுரண்டப்பட்டுவிடும். இந்த நிலையில் கடைக்குள் செய்யும் வேலை எதுவும் இல்லை. நேரே தகவல் மீட்பு நிபுணரிடம் போக வேண்டியதுதான்.

இரண்டாவது, சத்தம் இல்லையென்றால் சற்றுப் பொறுங்கள். பெரிய டிஸ்க்கை முழுமையாகச் சோதிக்கப் பல மணி நேரம் ஆகும். எண் மெதுவாகவேனும் ஏறினால் விட்டுவிடுங்கள். ஓர் இரவு முழுதும் ஒரே எண்ணில் நின்றால் அது நகரப் போவதில்லை. அணைத்துவிட்டு அடுத்த முறை தொடங்கும்போது, சோதனையைத் தவிர்க்க ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும் என்று சில விநாடிகள் செய்தி வரும். அப்போது அழுத்தினால் சோதனை இன்றி விண்டோஸ் திறக்கக்கூடும். திறந்துவிட்டால் அன்றைய பில் போட உட்காராதீர்கள். அடுத்த வேலை பிரதி எடுப்பதே.

மூன்றாவது, பிரதி எடுங்கள். விண்டோஸ் திறக்காவிட்டால், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக இணைக்கலாம். அல்லது லினக்ஸ் உள்ள பென் டிரைவ் மூலம் கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். வேறு கம்ப்யூட்டரில் இணைத்ததும், "டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்றோ, "சோதித்துச் சரிசெய்யட்டுமா?" என்றோ விண்டோஸ் கேட்கும். இரண்டுக்கும் பதில், வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு அவசரத்தில் "சரி" என்று அழுத்திவிட்டால் மீட்பு வேலை பல மடங்கு கடினமாகும். எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் அழிந்த பகுதியை அந்த டிரைவ் தானாகவே துடைத்துவிடக்கூடும். பிறகு மீட்பது அரிது.

பிரதி எடுப்பதிலும் வரிசை உண்டு. முதலில் கணக்கு மென்பொருளின் தகவல் ஃபோல்டர். டேலி வைத்திருப்போருக்கு இது பெரும்பாலும் "டேட்டா" என்ற ஃபோல்டருக்குள் எண்களால் பெயரிட்ட ஃபோல்டராக இருக்கும். அடுத்து பில்லிங் மென்பொருளின் தகவல் தொகுப்பு. படங்களும் பாட்டுகளும் கடைசியில். டிஸ்க் எந்த நிமிடமும் நின்றுபோகலாம் என்ற நினைப்போடு எடுக்க வேண்டும். படிக்க முடியாத பகுதிகள் அதிகம் என்றால், மெக்கானிக்கிடம் டிஸ்க் முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கு அச்சு அசலாகப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். "டிடி ரெஸ்க்யூ" என்ற இலவச லினக்ஸ் நிரல் இதற்கென்றே உள்ளது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைப் பிறகு முயலும். மீட்பு வேலை எல்லாவற்றையும் அந்தப் பிரதியில் செய்ய வேண்டும், மூலத்தில் அல்ல.

புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிரைவ் பூட்டுப் போட்டே வருகிறது. "பிட்லாக்கர்" என்பது அதன் பெயர். அப்படியானால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எண் இன்றி நிபுணராலும் திறக்க முடியாது. கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும் இன்றே அதைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.

நான்காவது, டிஸ்க்கின் நாடியைப் பாருங்கள். ஒவ்வொரு டிரைவும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. "ஸ்மார்ட்" என்று பெயர். "கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ" போன்ற இலவச நிரலில் அதைப் பார்க்கலாம். மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், படிக்கக் காத்திருக்கும் பகுதிகள் ஆகிய எண்ணிக்கைகள் நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்குக்கு விடை கொடுத்துவிட வேண்டும். "சி.ஆர்.சி." பிழை எண்ணிக்கை மட்டும் ஏறினால் பெரும்பாலும் குற்றம் கேபிளில் இருக்கும். கேபிளை மாற்றினால் போதும்.

ஐந்தாவது, பிரதி கைக்கு வந்து, டிஸ்க்கும் நலம் என்று தெரிந்தபின் செக் டிஸ்க்கை ஓடவிடுங்கள். எந்தக் குறியும் சேர்க்காமல் ஓடவிட்டால் பார்க்க மட்டும் செய்யும், எதையும் மாற்றாது. எஃப் குறியோடு ஓடவிட்டால் பட்டியலைச் சரிசெய்யும். ஆர் குறி டிஸ்க் முழுவதையும் படித்துக் கெட்ட பகுதிகளைத் தேடும். இந்த வரிசையிலேயே போக வேண்டும். எடுத்தவுடன் ஆர் குறியைப் பயன்படுத்துவதே பல டிஸ்க்குகளுக்குக் கடைசி வேலையாகிவிடுகிறது.

ஆறாவது, டிஸ்க் நலம், விண்டோஸ் மட்டும் சிதைந்துள்ளது என்றால் விண்டோஸை மீண்டும் பதிக்கலாம். "என் கோப்புகளை வைத்துக்கொள்" என்ற வசதி இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். அதில் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். கணக்கு ஃபோல்டர் தப்புமா என்பது அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதையும் அப்போது கணக்கில் கொள்ளுங்கள்.

மழைநீர் புகுந்த டிஸ்க்

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் புகுந்ததை நம்மவர் மறக்கமாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மீண்டும் நினைவூட்டியது. மேசைக்குக் கீழே தரையில் வைத்த கம்ப்யூட்டர் பெட்டிதான் வெள்ளத்தில் முதலில் மூழ்கும் சரக்கு.

நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. சுழலும் டிஸ்க்குகள் பெரும்பாலானவற்றில் காற்றழுத்தம் சமன்படச் சிறு துளை ஒன்று உண்டு. அதன் வழியே சேற்றுநீர் உள்ளே போயிருக்கலாம். வெயிலில் காயவைப்பது, சூடான காற்று அடிப்பது, அரிசி மூட்டைக்குள் புதைப்பது எதுவும் உதவாது. சேறு தகட்டில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். திறந்து துடைக்கவும் கூடாது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடி, விரைவில் தகவல் மீட்பு நிபுணரிடம் சேர்ப்பதே வழி.

வெளியே கொடுக்கும்போது

ரிச்சி தெருவில் கொடுத்தாலும், உள்ளூரில் கொடுத்தாலும், டிஸ்க்கின் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு ரசீது வாங்குங்கள். "கம்ப்யூட்டர் ஓட வேண்டும்" என்று சொல்லாதீர்கள். "தகவல் வேண்டும், என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது" என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாரண்டி உள்ள டிஸ்க் என்றால் நிறுவனம் புது டிஸ்க் கொடுக்கும், தகவலைக் கொடுக்காது. பழைய டிஸ்க்கும் திரும்ப வராது. ஆகவே தகவல் வேண்டுமென்றால் மீட்பு முடிந்தபின்தான் வாரண்டி கேட்க வேண்டும்.

சட்டம் நம்மிடம் எதிர்பார்ப்பது

மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்குரிய ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24 ஆண்டறிக்கையின் கெடு 2024 டிசம்பர் 31. எனவே அந்தக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை இருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஓராண்டு வரையும் இருக்க வேண்டும்.

அதே சட்டத்தின் விதிகளில் 57-ஆவது விதியைப் பலர் கவனிப்பதில்லை. மின்னணு முறையில் கணக்கு வைப்பவர், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ கணக்கு அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பிரதி வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. "டிஸ்க் போய்விட்டது ஐயா" என்ற பதில் அதிகாரியிடம் அனுதாபத்தைப் பெறலாம், விதியை நிறைவேற்றாது. மிக்ஜாம் மழைக்குப் பின் சென்னை, செங்கல்பட்டு உள்ளிட்ட மாவட்டங்களுக்கு 2022-23 ஆண்டறிக்கையின் கெடு 2024 ஜனவரி 10 வரை நீட்டிக்கப்பட்டது. அதாவது கிடைத்த அவகாசம் பத்து நாள்.

எதைத் திரும்ப எழுதலாம், எதை முடியாது?

டிஸ்க் முழுதும் போய்விட்டாலும் சில கணக்குகளை மறுபடி கட்டலாம். கொள்முதலை ஜி.எஸ்.டி. இணையதளத்தின் 2பி பட்டியலிலிருந்தும், சரக்கு அனுப்பியவர் தரும் பேரேட்டு நகலிலிருந்தும் எடுக்கலாம். பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு விற்றது நாம் தாக்கல் செய்த ஜி.எஸ்.டி.ஆர்.-1 அறிக்கையில் இருக்கும். பணம் வந்ததும் போனதும் வங்கிக் கணக்கில் இருக்கும். மீட்ட கணக்கைச் சரிபார்க்கவும் இவையே உதவும். டிஸ்க் சரியான பிறகும் கணக்குத் தகவலுக்குள் சிதைவு இருக்கலாம் என்பதால் இருப்பு, வங்கி நிலுவை, வரி ஆகிய மூன்றையும் ஒத்துப் பாருங்கள்.

ஆனால் தெருக்காரர்கள் மாதக் கணக்கில் வாங்கிய மளிகைப் பாக்கி வேறு எந்த அலுவலகத்திலும் இல்லை. ஜி.எஸ்.டி. அறிக்கையில் அது மொத்தத் தொகைக்குள் கரைந்துவிடுகிறது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு நம் டிஸ்க் ஒன்றே சாட்சி. அது போனால், நாணயமானவர் நினைவு வைத்துத் தருவார். மற்றவரிடம் கேட்கப்போனால் பாக்கியும் போகும், வாடிக்கையும் போகும். சிறு கடைக்காரரின் முதலீட்டில் ஒரு பங்கு இந்தப் பாக்கியில்தான் கிடக்கிறது.

இனி நேராமலிருக்க

கணக்குக்கு எப்போதும் மூன்று பிரதி இருக்கட்டும். கம்ப்யூட்டரில் ஒன்று. கடை அடைக்கும்போது எடுத்து, உடனே கழற்றிவிடும் வெளி டிஸ்க்கில் ஒன்று. மாடியுள்ள வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. வெளி டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்திருந்தால் வைரஸும் மின்னலும் இரண்டையும் சேர்த்தே கெடுக்கும். பாக்கிப் பட்டியலை மட்டும் வாரம் ஒருமுறை தாளில் அச்சடித்துக் கல்லாவில் வைப்பது செலவில்லாத காப்பு. யு.பி.எஸ். பேட்டரி பத்து நிமிடமாவது தாங்குகிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

எடுத்த பிரதி திறக்கிறதா என்று பார்க்காதவரை அதைப் பிரதி என்று சொல்ல முடியாது. அமாவாசைதோறும் கடையில் பூஜை போடும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அன்றைக்கே பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று வாடிக்கையாளரின் பாக்கியை ஒத்துப் பார்க்கும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கால் மணி நேர வேலைதான். வெளி டிஸ்க் இதுவரை வாங்காதவர்கள், இந்த மாதக் கணக்கு முடிப்பதற்குள் வாங்கிவிடுங்கள்.